ஐடியா வந்த இடம்

ஏனுங்ணா, அந்தச் சாக்கைக் கொஞ்சம் உங்க பக்கம் தள்ளிக்கிறீங்களா? கால் வைக்க இடமில்ல. இரும்பா உள்ள? கனமாத்தான் தெரியுது. போதும், போதும், அவ்வளவு போதும்.

நீங்களும் உடுமலைதானே? நல்லதாப் போச்சு. ரெண்டு மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆளிருக்கு. நான் வாயை மூடிட்டு வர்ற ஆளு இல்ல, இப்பவே சொல்லிடறேன். தூங்கணும்னா கிணத்துக்கடவு வரைக்கும் தூங்கிக்குங்க. அப்புறம் எழுப்பிடுவேன்.

எதுக்குப் போறேன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்வேன். ஒரு அம்மாவைப் பாக்கப் போறேன். அவங்க இந்த லேப்டாப்பை அஞ்சு செகண்டு பாக்கணும். அஞ்சே செகண்டு. அதுக்குப் போக ரெண்டு மணி நேரம் பஸ்ஸு, வர ரெண்டு மணி நேரம். சிரிக்காதீங்க. என் வேலையே அதுலதான் நிக்குது.

என் பேரு அருணகிரி. ஆர்.எஸ்.புரத்துல 'மூணாவது மாடி'ன்னு ஒரு ஆபீஸ், அதுல கிரியேட்டிவ் ஹெட். வெப்சைட்டு, மொபைல் ஆப்பு, இதெல்லாம் பாக்க எப்படி இருக்கணும்னு வரையறது எங்க வேலை. உங்க போன்ல ஒண்ணைத் தொட்டா ஒண்ணு திறக்குதில்லையா, அந்தத் தொடற இடம் எங்க இருக்கணும், என்ன நிறம், அதுல என்ன எழுதியிருக்கணும், இதை உக்காந்து யோசிக்கறதுக்கு ஒரு ஆபீஸ், பதினாலு பேரு. எங்க மாமனாருக்கு இன்னமும் புரியல. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றாரு"ன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வாரு.

பேருதான் மூணாவது மாடி. ஆபீஸ் இருக்கறது ரெண்டாவது மாடியில. பேரு வச்சப்ப மூணாவதுல இருந்தோம். அப்புறம் நாங்க கீழ இறங்கிட்டோம், பேரு மேலயே தங்கிடுச்சு. புதுசா வர்ற கிளையண்டு எல்லாரும் நேரா மேல போயிடுவாங்க. அங்க இப்ப தையல் கிளாஸ் நடக்குது. ஒரு தடவை பெரிய மில் ஓனர் ஒருத்தரை ரவிக்கை வெட்டற மேசைக்குப் பக்கத்துல உக்கார வச்சு மோர் குடுத்திருக்காங்க. ஜெசிந்தாம்மாதான் போய்க் கூட்டிட்டு வந்தாங்க. "நாங்க ஒரு மாடி கீழ இருக்கோம் சார், எங்க நினைப்பு மட்டும் மேல இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே படியிறங்குவாங்க. வர்றவரு சிரிச்சுக்கிட்டே வந்து உக்காருவாரு. சிரிச்சுக்கிட்டு வந்து உக்கார்ற கிளையண்டு பாதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அந்த ஜெசிந்தாம்மாவைத்தான் பாக்கப் போறேன். ரிசப்ஷன்ல இருந்தாங்க, எட்டு வருஷம். போன் எடுக்கறது, வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறது, கூரியர் வாங்கி வைக்கறது, அவ்வளவுதான் வேலை. மூணு மாசம் முன்னாடி வேலையை விட்டுட்டு உடுமலைக்கே போயிட்டாங்க. அன்னைலருந்து எனக்கு ஒரு ஐடியா வரல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரல. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்துச்சு, அவ்வளவுதான்.

அஞ்சு செகண்டு என்னன்னு சொல்லிடறேன். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கத்தை வரைஞ்சு முடிச்சதும், அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளுக்கு அஞ்சு செகண்டு காட்டணும். மூடிடணும். மூடிட்டு, "என்ன பாத்தீங்க?"ன்னு கேக்கணும். அவங்க மனசுல எது நின்னுச்சோ அதுதான் அந்தப் பக்கம். மிச்சமெல்லாம் நாம நமக்காக வரைஞ்சுகிட்டது. பெரிய ஊர்கள்ல இதுக்குன்னு தனி ரூம் போட்டு ஆள்களைக் கூட்டிட்டு வந்து செய்வாங்க. நாங்க சின்ன ஆபீஸு. எங்களுக்கு ஜெசிந்தாம்மா. லேப்டாப்பைத் தூக்கிட்டு ரிசப்ஷனுக்குப் போவேன். அவங்க போனை வச்சுட்டு, கண்ணாடியை முந்தானையில துடைச்சுப் போட்டுக்குவாங்க. திறப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மூடுவேன்.

ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் பண்ணினோம். முதல் பக்கத்துல ஒரு பொண்ணு சிரிக்குது. பல்லு ஒவ்வொண்ணும் முல்லை மொட்டு. அந்தச் சிரிப்புல வெளிச்சம் விழ வைக்கவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. காட்டினேன், மூடினேன்.

"என்னம்மா பாத்தீங்க?"

"ஒரு புள்ள சிரிக்குது சார்."

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. பல்லுவலியில இருக்கறவன் பாத்தா எரிச்சல் வரும்."

எனக்குக் கோவம் வந்துச்சு. வராதா? ரெண்டு வாரம். நேரா வாஷ்பேசினுக்குப் போய் மூஞ்சி கழுவினேன். தண்ணி சலசலன்னு விழுது. நிமிர்ந்து பாக்கறேன், கண்ணாடியில நானு, தாடையில கை வச்சுக்கிட்டு நிக்கறேன். அப்ப வந்துச்சுங்ணா. முழுசா வந்துச்சு. சிரிப்பே வேண்டாம். ஒருத்தன் தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கீழ ஒரே பட்டன். 'வலிக்குதா? இப்பவே வாங்க.' அடுத்த மாசம் அந்த ஆஸ்பத்திரியில வராந்தாவுல நாற்காலி போட வேண்டி வந்துச்சு.

அன்னைக்குத்தான் என்னைப் பத்தி ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சேன். எனக்கு ஐடியா தண்ணிச் சத்தத்துல வருது. கலைஞனுக்குன்னு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு சத்தம் இருக்கும்ல, அது. உடனே மேசை மேல வைக்கற மாதிரி குட்டி நீரூற்று ஒண்ணு வாங்கினேன். ஒரு கல்லு மேலருந்து இன்னொரு கல்லுக்குத் தண்ணி வழியும். எங்க முதலாளி நஸீர், என்னைவிடப் பத்து வயசு சின்னவரு, நல்ல மனுசன், எட்டிப் பாத்துட்டு, "அருணகிரி சார், மீன் எப்ப வரும்?"னு கேட்டாரு. கேக்கட்டும்.

இந்த நோட்டைப் பாருங்க. அப்பலருந்து எழுதறேன். அட்டையில என்ன போட்டிருக்கு? 'ஐடியா வந்த இடம்.' உள்ள நாலு கட்டம். தேதி. இடம். என்ன சத்தம் கேட்டுச்சு. என்ன குடிச்சிருந்தேன். எட்டு வருஷத்துல பதினேழு ஐடியா. சின்னதெல்லாம் கணக்குல இல்ல, பெருசு மட்டும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். ஒருநாள் ஜெசிந்தாம்மா இதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பாத்தாங்க. படிச்சு முடிச்சு மூடிக் குடுத்துட்டு, "எல்லாமே இருக்கு சார். கை கழுவற இடம்கூட இருக்கு"ன்னாங்க. அவங்க வாயிலருந்து பாராட்டு சுலபத்துல வராது. எனக்கு ரொம்ப சந்தோசமாப் போச்சு.

இன்னொண்ணு கேளுங்க. ஒரு கல்யாண மண்டபம். நான் மேடையை வரைஞ்சேன். பூ, விளக்கு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு மாதிரி தூணு. திறந்து மூடினேன்.

"மேடை தெரிஞ்சுது சார். பந்தி எங்க?"

"எதுக்கும்மா பந்தி? கல்யாணம் நடக்கறது மேடையிலதானே?"

"மேடைக்கு நாலு பேரு போவாங்க. பந்திக்குத்தான் எல்லாரும் போவாங்க."

இந்த மாதிரி சம்பந்தமில்லாம எதையாவது சொல்வாங்க. எனக்குப் பொசுக்குனு கோவம் வந்துடும். பால்கனிக்குப் போய் நின்னேன். எதிர் மெஸ்ஸு கொல்லையில எச்சில் இலையை ஒரு காக்கா கொத்திக்கிட்டிருக்கு. இலை. வாழை இலை. வந்துச்சு பாருங்க. நீளமா ஒரே வரிசை இலை, பச்சைப் பசேல்னு, பக்கம் பூரா. மேல ஒரு வரி: 'ஒரே பந்தியில நானூறு பேர்.' நோட்டுல இருக்கு பாருங்க. இடம், பால்கனி. சத்தம், காக்கா. குடிச்சது, வரக்காப்பி.

அதுக்கு அவார்டு வாங்கினேன். பெரிய ஓட்டல்ல விழா. ஆபீஸ் பூராவும் வந்திருந்தாங்க. ஜெசிந்தாம்மா மாம்பழக் கலர்ல பட்டுச் சேலை, தலையில பூ, கூட வீட்டுக்காரரு. நான்தான் கூப்பிட்டிருந்தேன், ஞாபகம் வச்சுக்குங்க, வேற யாரும் ரிசப்ஷன்ல இருக்கறவங்களைக் கூப்பிட மாட்டாங்க. மேடையில பேசச் சொன்னாங்க. எங்கம்மாவுக்கு நன்றி சொன்னேன். நஸீருக்குச் சொன்னேன். அந்தக் காக்காவுக்குச் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் இவங்களையும் விடல. "எங்க ரிசப்ஷன்ல ஒரு அம்மா இருக்காங்க. ப்ளஸ் டூ வரைக்கும்தான் படிச்சிருப்பாங்க. நான் எதைப் பண்ணினாலும் முதல்ல அவங்ககிட்டதான் காட்டுவேன். அவங்களுக்கே புரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் யாருக்கும் புரியும்"னு சொன்னேன். அப்படி ஒரு கைதட்டல். ஒருத்தர் விசில்கூட அடிச்சாரு.

சாப்பிடற இடத்துல அவங்க வீட்டுக்காரரு வந்து கை குலுக்கினாரு. சாதுவான மனுசன். "நல்லாப் பேசினீங்க சார். பேரைத்தான் விட்டுட்டீங்க"ன்னாரு. "பேருல என்னங்க இருக்கு, இங்க இருக்கற எல்லாருக்கும் இவங்களைத் தெரியுமே"ன்னேன். அவரு சிரிச்சாரு. ஜெசிந்தாம்மா தட்டுல இருந்த குலாப் ஜாமூனை ஸ்பூனால ரெண்டா வெட்டி, நாலா வெட்டி, எட்டா வெட்டிக்கிட்டிருந்தாங்க. சாப்பிடல. சர்க்கரை இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் சரியா ஒரு மாசம். லெட்டர் குடுத்துட்டாங்க.

ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம். தினமும் முகம் பாத்த மனுசன்கிட்ட சொல்லிட்டுப் போக வேண்டாமா? நான் யோசிச்சுப் பாத்தேன். ரிசப்ஷன்ல ஏ.சி. நேரா தலையில அடிக்கும், அதுவா இருக்கலாம். இல்ல, உக்கடம் டிராபிக். இல்ல, மாமியாருக்கு முடியல. நஸீர்தான் ஒருநாள் மெதுவாச் சொன்னாரு, "சார், அவங்க பி.எஸ்சி. மேத்ஸ்." எனக்கு எப்படிங்ணா தெரியும்? எட்டு வருஷமா அவங்க சொல்லவே இல்ல. நான் கேக்கலதான். யாராவது ரிசப்ஷன்ல நின்னுக்கிட்டு டிகிரி கேப்பாங்களா?

இப்ப வீட்டுலருந்தே ஏதோ வேலையாம். கம்பெனிக்காரங்க ஆப்பு, வெப்சைட்டு எல்லாம் அனுப்பி வைப்பாங்களாம், இவங்க பாத்து அபிப்பிராயம் சொல்லணுமாம். பெங்களூர்லருந்தெல்லாம் வருதாம். பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம். காலம் எப்படிப் போகுது பாருங்க. இதுக்கெல்லாம் போய் யாராவது...

என்ன? நான் இப்ப எதுக்குப் போறேனா? அது வேறங்ணா. எங்களுது எட்டு வருஷப் பழக்கம்.

விசயத்துக்கு வரேன். இந்த மூணு மாசம் என்ன பாடு பட்டேன் தெரியுமா? புது ரிசப்ஷன்ல ஷைலஜான்னு ஒரு பொண்ணு. லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "சூப்பர் சார்"ங்குது. ஒருநாள் வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன். "சிம்பிளா சூப்பரா இருக்கு சார்." செக்யூரிட்டிகிட்டக் காட்டினேன், "நல்லாருக்குங்க ஐயா"ன்னு சல்யூட் அடிச்சாரு. வீட்டுல காட்டினேன். எங்க வீட்டம்மா அஞ்சு செகண்டு பாத்துட்டு, "ஸ்கிரீன்ல தோசை மாவு ஒட்டியிருக்கு"ன்னா. எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்கங்ணா. நல்லாருக்குன்னு சொல்றவங்களை வச்சுக்கிட்டு ஒரு மண்ணும் பண்ண முடியாது. எனக்குக் கோவமே வர மாட்டேங்குது. கோவம் வராம எப்படி மூஞ்சி கழுவப் போறது? நீரூத்துல பாசி பிடிச்சுப் போச்சு.

இதுக்கு நடுவுலதான் இந்தப் பெரிய வேலை. ஒரு பம்ப்செட் கம்பெனி. தோட்டத்து மோட்டாரைப் போன்லருந்தே போடறது, நிறுத்தறது, அதுக்கு ஒரு ஆப்பு. மெஷினெல்லாம் அவங்களே பண்ணிட்டாங்க. முதல் பக்கம் மட்டும் நாம வரைஞ்சு குடுக்கணும். திறந்ததும் விவசாயி மனசுல ஒட்டிக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் பதினாலு முதல் பக்கம் பண்ணிட்டேன். நஸீர் பதினாலையும் பாத்தாரு. டீ குடிச்சாரு. அப்புறம் சொன்னாரு, "சார், திங்கக்கிழமை காட்டணும். சரியா வரலைன்னா மிருணாளினி டீம் எடுத்துக்கட்டும். நீங்க இனிமே வழிகாட்டியா இருங்க."

வழிகாட்டின்னா என்ன தெரியுமாங்ணா? ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. எல்லாரும் போகும்போதும் வரும்போதும் வணக்கம் வைப்பாங்க. ஒருத்தரும் எதையும் கேக்க மாட்டாங்க. எனக்கு நாப்பத்தேழு வயசுதான் ஆகுது. நான் வரையணும். வரையாம என்னால உக்கார முடியாது.

நேத்து ஜெசிந்தாம்மாவுக்கு போன் பண்ணினேன். மூணு மாசம் கழிச்சு. "யாரு, சாரா?"ன்னாங்க. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல, அதே ரிசப்ஷன் குரல். விசயத்தைச் சொன்னேன். அஞ்சு செகண்டு போதும்மான்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேக்குது. அப்புறம், "சாப்பிட வாங்க சார், மீன் குழம்பு வைக்கறேன். ஆனா திறந்துட்டு மூடற கதையெல்லாம் வேண்டாம். முழுசா, உக்காந்து பாக்கறதுன்னா கொண்டாங்க"ன்னாங்க. அதென்ன பிடிவாதம்? முழுசாப் பாத்தா அது டெஸ்டே இல்லீங்களே. சரி, போய்ப் பேசிக்கலாம்னு கிளம்பிட்டேன்.

பொள்ளாச்சி வந்துடுச்சா? பேசினதுல தெரியல. இருங்க, சுண்டல் வாங்கறேன். நீங்களும் எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. ஏனுங்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. ஜன்னல் சீட்டை மாத்திக்கலாமா? இனிமே வாய்க்கால் வரும், தோப்பு வரும். எனக்குத் தண்ணி கண்ணுல படணும். ரொம்ப நன்றிங்ணா. அந்தச் சாக்கை நீங்களே எடுத்துக்கிட்டீங்கன்னா... ஆங். இப்ப வசதியா இருக்கு.

சும்மாத்தானே வரோம், நீங்க ஒரு அஞ்சு செகண்டு பாருங்களேன். இதான் பதினாலாவது. காலை வெயிலு, நெல்லு வயலு, ஒவ்வொரு கதிர்லயும் பனித்துளி. பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மூடியாச்சு. என்ன பாத்தீங்க?

வயலா? சரி. அப்புறம்? என்னது? கரண்டா? இல்லீங்ணா, நான் கேட்டது படத்துல என்ன இருந்துச்சுன்னு. கரண்டு வந்துச்சா இல்லையான்னு எங்க போட்டிருக்குன்னா, அது உள்ள இருக்கும். மூணாவது பக்கத்துல ஒரு ஓரத்துல போட்டிருக்கோம். அதைத்தான் முதல்ல பாப்பீங்களா? வயலை எப்ப பாப்பீங்க அப்ப? வயலு உங்க வீட்டுப் பின்னாடியே இருக்கா? சரிதான். இருக்கட்டும். பனித்துளி எப்படி இருந்துச்சு? கவனிக்கலையா.

நல்லது. நான் கொஞ்சம் வெளிய பாத்துக்கிட்டு வரேன். சலிப்பாருக்கு. உங்ககிட்டப் போய்க் காட்டினேன் பாருங்க.

தென்னந்தோப்பு. வரிசையா எவ்வளவு தூரம் போகுது. அதோ அங்க ஒரு தொட்டி. குழாய்லருந்து தண்ணி பாயுது பாருங்க, வெள்ளையா, கைத் தடிமனுக்கு. தொட்டித் திட்டுல ஒரு பொம்பளை துணி துவைக்குது. கரண்டு இருக்கு போலிருக்கு அந்தத் தோட்டத்துல.

கரண்டு இருக்கு.

அண்ணா. அண்ணா, வந்திடுச்சு. அசையாதீங்க, வந்திடுச்சு. வயலு வேண்டாம், வெயிலு வேண்டாம், ஒண்ணுமே வேண்டாம். ஸ்கிரீன் பூரா ஒரே நிறம். கரண்டு இருந்தா பூராவும் பச்சை. இல்லன்னா பூராவும் கறுப்பு. கண்ணாடி போடாமப் பாத்தாலும் தெரியும், எட்டி நின்னு பாத்தாலும் தெரியும். நடுவுல ஒரே பட்டன், ரூபாக் காசு மாதிரி. போடு, நிறுத்து. அவ்வளவுதான், முடிஞ்சுது. பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, தண்ணியைப் பாத்தா வந்திடும்னு. மூணு மாசமா வராதது ஒரு ஜன்னல் சீட்டுல வந்திடுச்சு.

பேனா இருக்குங்களா? என்னுது எழுத மாட்டேங்குது. குடுங்க. தேதி போட்டாச்சு. இடம், உடுமலை பஸ்ஸு, ஜன்னல், கோமங்கலத்துக்கு முன்னாடி. சத்தம், தண்ணி. தண்ணிச் சத்தம் கேக்கலதான், பஸ்ஸு இரைச்சல்தான், ஆனா பாத்தேன்ல. குடிச்சது... சுண்டல்னு போட்டுக்கறேன்.

எதுக்குச் சிரிக்கறீங்க? சாக்கைத் திறந்து காட்டறீங்க, என்ன இது? ஸ்டார்ட்டரா? உங்க தோட்டத்து மோட்டாருதா? காயில் போயிடுச்சா? கோயமுத்தூர்ல குடுத்துச் சரி பண்ணி எடுத்துட்டு வரீங்களா? அட, இவ்வளவு நேரமா என் கால்கிட்டயே இருந்திருக்கு. சொல்லவே இல்லையே நீங்க. நான் கேக்கல, ஆமா. இரும்பான்னு கேட்டேன்.

நோட்டைப் பாக்கணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. அது பல் ஆஸ்பத்திரி. அது மண்டபம். அது ஒரு பள்ளிக்கூடம், மொட்டை மாடியில வந்துச்சு. என்ன கேக்கறீங்க? அதுக்கு முன்னாடி எங்க இருந்தேனா? எதுக்கு முன்னாடி? வாஷ்பேசினுக்கு முன்னாடி ரிசப்ஷன்ல இருந்தேன், சொன்னேனே. பால்கனிக்கு முன்னாடியா? அதுவும் ரிசப்ஷன்தான். மொட்டை மாடிக்கு... அன்னைக்கும் ரிசப்ஷன்லருந்துதான் கோவமாப் படியேறிப் போனேன். லிப்டுல வந்தது இது. லிப்டு ரிசப்ஷனுக்கு எதிர்ல. இது டீக்கடை. இதுக்கு முன்னாடியும் அங்கதான்.

பதினேழுக்கும் அங்கருந்துதான் போயிருக்கேன்.

அப்ப நான் தப்பான இடத்தையில்ல எழுதி வச்சிருக்கேன். தண்ணியும் இல்ல, காக்காவும் இல்ல. அந்த ரிசப்ஷன் மேசையில என்னமோ இருக்குங்ணா. காத்தோட்டமோ, வாஸ்துவோ. திங்கக்கிழமை முதல் வேலையா என் நாற்காலியைத் தூக்கி அங்க போட்டுடறேன். நஸீர் என்ன வேணா சொல்லட்டும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஆமா. மூணு மாசமா அந்த மேசை அங்கதான் இருக்கு. யாரும் நகத்தல. ஷைலஜா அதே மேசையிலதான் உக்காந்திருக்கு. ஏ.சி.கூட அதே மாதிரிதான் அடிக்குது.

மேசை அங்கயேதான் இருக்கு.

அந்த நோட்டை இப்படிக் குடுங்ணா.

கோமங்கலம் தாண்டியாச்சுங்களா?

இல்ல, ஒண்ணுமில்ல. அந்த குலாப் ஜாமூனை நினைச்சுக்கிட்டு வந்தேன். அவங்களுக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது. ஆபீஸ்ல யாரு பொறந்தநாள் வந்தாலும் ரெண்டு துண்டு கேக் எடுத்துக்குவாங்க, ஒண்ணு சாப்பிட, ஒண்ணு வீட்டுக்காரருக்கு. எட்டு வருஷமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு அது ஞாபகம் வரல.

உங்க பேரு என்னங்ணா? பாருங்க, உக்கடத்துல ஏறினவங்க, இதுவரைக்கும் கேக்கவே இல்ல. நாச்சிமுத்துங்களா. நல்ல பேரு. இருங்க, எழுதிக்கறேன். இதுல பேருக்குன்னு கட்டம் இல்ல, நாலு கட்டம்தான் போட்டேன். ஓரத்துல எழுதறேன். நாச்சிமுத்து. கரண்டு வந்துச்சான்னு கேட்டாரு. எழுத்து ஆடுது, பஸ்ஸு குலுங்குது, பரவாயில்ல, படிக்க முடியுது.

இந்த ஓரம் நல்ல அகலமா இருக்குங்ணா. எல்லாப் பக்கத்துலயும் இருக்கு. எல்லாமே காலியா இருக்கு.

இல்ல, திரும்பிப் போகலை. ஐடியா கிடைச்சிடுச்சுதான். இருந்தாலும் அவங்க பாக்கணும். அவங்க பாத்து ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான் இது ஐடியாவா இல்லையான்னு எனக்கே தெரியும். பச்சைன்னா எந்தப் பச்சைம்பாங்க. வெயில்ல கறுப்பு தெரியுமாம்பாங்க. முழுசாத்தான் பாக்கட்டும், பதினஞ்சையும் பாக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாக்கட்டும். திங்கக்கிழமை நஸீர்கிட்டக் காட்டும்போது கீழ யாரு பேரைப் போடறதுன்னும் அவங்களையே கேட்டுக்கறேன். எனக்குக் கோவம் வந்தா அவங்க வீட்டுல வாஷ்பேசின் இல்லாமலா இருக்கும்.

உடுமலை வந்துடுச்சா, அதுக்குள்ள? அதோ பாருங்க, அந்தக் கடை வாசல்ல, மஞ்ச ஹெல்மெட். அவங்கதான். ஸ்கூட்டியைப் போட்டுட்டு நம்ம பஸ்ஸைத்தான் பாக்கறாங்க. கண்ணாடியைத் துடைக்கறாங்க பாத்தீங்களா.

நீங்க முன்னாடி இறங்குங்க, சாக்கைப் பாத்து எடுங்க. பேனாவை மட்டும் கொஞ்சம் விட்டுட்டுப் போங்க, ஜன்னல் வழியாக் குடுத்துடறேன். ஒரே பேருதான், ஆனா பதினேழு பக்கம் இருக்கு. ஜெசிந்தா. பல்லுவலியில இருக்கறவன் பாத்தா எரிச்சல் வரும். ஜெசிந்தா. பந்தி எங்க.

வரேன், வரேன், கண்டக்டர் சார். இதோ இறங்கிட்டேன். ஒரு அஞ்சு செகண்டு.